மலை எப்படிக் ‘காட்சி’ ஆகிறது? வல்லம் வடகாலிலிருந்து சில குறிப்புகள்

1

வல்லம் வடகாலில் மலை கிடையாது. ஏரி உண்டு, பனை உண்டு, சிப்காட் உண்டு, ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்கள் உண்டு. ஆனாலும் நம் காலத்து ‘மலைக்காட்சி’யின் உற்பத்திக் களங்களில் இந்த ஊரும் ஒன்று. ராயல் என்பீல்டு நிறுவனம் 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் ஆலைகளைத் தொடங்கியது. இடையே 2016இல் அது சந்தைக்கு விட்ட மோட்டார் சைக்கிளுக்கு வைத்த பெயர் ‘ஹிமாலயன்’. பக்கத்தில் சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் கோத்து முடிக்கப்படுகின்றன. மலைக்குப் போகும் வண்டியும் மலையைப் படம் பிடிக்கும் கேமராவும் ஒரே சமவெளியில், பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் ஆண்கள் பெண்களின் கைகளால் தயாராகின்றன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 படுக்கைகள், செலவு 706.50 கோடி ரூபாய்.

‘அவங்க எல்லாம் படத்துல இல்லையே’ என்று இரங்கல் கூட்டம் நடத்துவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. அது சுலபம், அதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. கேள்வி வேறு. நடந்தோ சைக்கிள் மிதித்தோ மலைக்குப் போகிறவர் ஒரு வளைவில் நின்று கேமராவை எடுக்கிறார். அவர் எந்த இடத்தில் நிற்பார், எதைச் சட்டகத்துக்குள் விடுவார், எதை வெட்டுவார் என்பதெல்லாம் அவருக்கு முன்பே முடிவாகியிருக்கின்றன. யார் முடிவு செய்தது? எப்போது? அதை மாற்ற நடையும் சைக்கிளும் உதவுமா?

2

மலையை யாரும் ‘சும்மா’ பார்த்ததில்லை. காட்டுக்காரர் பார்த்தால் தேன், கிழங்கு. மேய்ப்பவர் பார்த்தால் புல், தண்ணீர். பட்டாளத்தார் பார்த்தால் கோட்டை. இவை எதுவுமில்லாமல், வெறுமனே ‘அழகாக இருக்கிறது’ என்று தள்ளி நின்று பார்க்கிற பார்வை ஒன்று உண்டல்லவா, அதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: பார்ப்பவருக்கு அந்த மலையில் பிழைப்பு இருக்கக் கூடாது.

நம் பக்கத்தில் இந்தப் பார்வை பட்டாளத்தின் பின்னாலேயே வந்தது. 1792இல் மூன்றாம் மைசூர் யுத்தம் முடிந்து பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. அதே ஆண்டு தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஓவியர்கள் (சித்தப்பனும் மகனும்) தெற்கே புறப்பட்டார்கள். கம்பெனிப் படை நடந்த தடத்தை ஒட்டியே பெரிதும் நடந்தார்கள். காட்சியைத் தாளில் விழவைத்துக் கோடு போட உதவும் இருட்டுப் பெட்டி ஒன்று அவர்களிடம் இருந்தது. அவர்கள் வரைந்தவற்றில் ராயக்கோட்டை மலையும் உண்டு. நேற்றுவரை குண்டு பாய்ந்த பாறை லண்டன் வரவேற்பறைக்கு ‘காட்சி’யாகப் போய்ச் சேர்ந்தது.

அடுத்து வந்தது அளவை. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம், நம் ஊரிலிருந்து ஒரு காலைநேரச் சைக்கிள் தூரத்தில், அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். ஏறக்குறைய ஏழரை மைல். இந்தியாவையே முக்கோணங்களாக வெட்டி அளந்த திட்டம் அங்கிருந்து தொடங்கியது. இதற்கு மலை என்பது பார்க்கப்படும் பொருள் அல்ல, பார்க்கும் இடம். அரை டன் எடையுள்ள கோணமானியை ஆட்கள் சுமந்து உச்சிக்கு ஏற்ற வேண்டும். மலையில்லாத தஞ்சையில் என்ன செய்தார்கள்? 1808இல் பெரிய கோயில் விமானத்தையே மலையாக்கி மேலே இழுத்தார்கள். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சேதமானது. இன்றைக்கு ஊட்டியிலும் ஏற்காட்டிலும் கம்பி வேலி கட்டி ‘வியூ பாயிண்ட்’ என்று பலகை வைத்திருக்கிறார்களே, அந்த இடத்துக்கும் இந்த உச்சிக்கும் உறவு இருக்கிறது. இரண்டும் கீழே உள்ளதை முழுதாகக் கையகப்படுத்திய நிறைவைத் தரும் இடங்கள்.

பிறகு கேமரா. 1856இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக லின்னியஸ் டிரைப் நியமிக்கப்பட்டார். அவருடைய 1858 தொகுதிகளில் ஒன்று சேலம் ஜில்லா பற்றியது. அதன் தலைப்பிலேயே டேனியல்கள் வரைந்த அதே ராயக்கோட்டை இருக்கிறது. சர் சார்லஸ் டிரெவெல்யன் கவர்னராக வந்ததும் (1859) இதெல்லாம் வீண் ஆடம்பரம் என்று துறையை இழுத்து மூடினார். காட்சிக்கும் கஜானாவுக்கும் உள்ள உறவை அவரைப் போல வெளிப்படையாகப் பேசியவர்கள் குறைவு!

வடக்கே சாமுவேல் போர்ன் 1863க்கும் 1866க்கும் இடையில் மூன்று முறை இமயத்துக்குப் படம் எடுக்கப் போனார். அந்தக் காலத்து ஈரத் தகடு முறையைப் புரிந்துகொண்டால்தான் இந்தப் பயணங்களின் அரசியல் விளங்கும். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமும் எடுத்து, கழுவியும் முடிக்க வேண்டும். சில நிமிடங்கள்தான் அவகாசம். அதனால் இருட்டறையும் மலையேற வேண்டும்: கூடாரம், கண்ணாடி, அமிலப் புட்டிகள், தண்ணீர். முதல் பயணத்திலேயே சுமைகூலிகள் முப்பது பேர். 1866இல் 18,600 அடி உயரத்தில் மணிரங் கணவாயில் அவர் படம் எடுத்தார். இந்தச் சாகசங்களை லண்டன் பத்திரிகைக்குத் தொடராக எழுதினார். சுமையைப் போட்டுவிட்டு ஓடிய கூலிகளைத் தேடிப் பிடித்துத் தடியால் அடித்ததையும் கூச்சமில்லாமல் எழுதினார். படங்களில் பனி இருக்கிறது, அமைதி இருக்கிறது. தடி இல்லை.

மலைவாசிகள் படங்களில் இல்லாமல் இல்லை. பாறையின் பிரம்மாண்டம் தெரிய வேண்டும் என்பதற்காக அளவுகோலாக ஒரு ஆள் நிற்கவைக்கப்படுவார். அல்லது மாதிரிப் பொருளாக: 1873இல் வெளிவந்த மார்ஷலின் புத்தகம் நீலகிரித் தோடர்களைப் படம் பிடித்து, மண்டை வடிவத்தை வைத்துக் குணம் சொன்னது. ஆக மூன்று பங்கீடு. மலைக்குக் காட்சி, மலைவாசிக்கு மாதிரி, சுமப்பவருக்குச் சட்டகத்தின் வெளி.

3

‘நேர்ல எவ்ளோ பெரிசா இருந்துச்சு, படத்துல பார்த்தா புள்ளியாட்டம் தெரியுது’ என்று சொல்லாதவர் கிடையாது. இது கேமராவின் குறை இல்லை. இரண்டு பார்வைகளுக்கு நடுவில் உள்ள பிளவு. போனின் வழக்கமான லென்ஸ் எழுபது எண்பது டிகிரி அகலத்தை ஒரே சீராக அள்ளிக்கொள்ளும். நாமோ அந்த அகலத்தில் மலையை மட்டும் கவனத்தால் பிடுங்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறோம். தூரத்தை இழுக்கும் லென்ஸைப் போட்டால் மறுபக்கம் சாயும்: பத்து கிலோமீட்டர் தள்ளியுள்ள மலை ஊர்க் கூரைமேல் ஏறி உட்கார்ந்ததுபோல் வரும். எது உண்மை? இரண்டுமே பார்வைப் புள்ளியின் விளைவுகள்.

தூரத்து மலையின் நீலமும் அப்படித்தான். அது மலையின் நிறமில்லை. இடையிலுள்ள காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் நமக்கும் மலைக்கும் நடுவே விழும் திரை அது. மழை விட்ட காலையில் திரை மெலியும், மதியத்தில் தடிக்கும். பழைய தகடுகள் நீலத்துக்கே அதிகம் மசியும் என்பதால் வானம் வெளுத்துப்போகும், தூரத்து மலை கரைந்துபோகும். சிவப்பு வடிகட்டியைப் போட்டால் நீலம் தடுக்கப்பட்டு வானம் கறுக்கும். 1927இல் அமெரிக்காவின் யோசெமிட்டியில் ஆன்சல் ஆடம்ஸ் கண்ணாடித் தகடுகளைச் சுமந்து நண்பர்களோடு ஏறி, கடைசித் தகட்டுக்குச் சிவப்பு வடிகட்டி போட்டு எடுத்த ஹாஃப் டோம் பாறையின் கறுத்த வானம் அப்படி வந்தது. தாம் பார்த்ததை அல்ல, உணர்ந்ததை எடுத்ததாக அவர் சொன்னார். சரி, உணரட்டும். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கு ‘மனிதத் தடமற்ற’ இடமாக உணரப்படுவதற்கு, 1851இல் ஒரு ஆயுதப் படை உள்ளே புகுந்து அங்கிருந்த அவானீச்சி மக்களை விரட்டியிருக்க வேண்டியிருந்தது. வெறுமை இயற்கையாக அமையவில்லை. அதைச் செய்திருக்கிறார்கள்.

இன்றைய போன் இந்த வேலையைத் தானாகவே செய்கிறது. ஒரு தடவை தொட்டால் பல படங்கள் எடுத்து, வானத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என்று கோத்து, பச்சையைக் கூட்டித் தருகிறது. ‘நான் எதுவும் எடிட் பண்ணல’ என்பவர் உண்மைதான் சொல்கிறார். எடிட் பண்ணியது அவரில்லை.

4

இந்த இடத்தில் ‘ஐரோப்பியன்தான் மலையைக் காட்சியாக்கினான், நம்மிடம் திணை இருந்தது’ என்று யாராவது எழுந்து நிற்பார்கள். உட்காருங்கள், பேசுவோம்.

குறிஞ்சி காட்சி இல்லை என்பது சரிதான். தொல்காப்பியத்தின் கருப்பொருள் வரிசையில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு தொழிலும் இருக்கிறது. தினைப்புனம் காப்பது, கிளி ஓட்டுவது, தேன் எடுப்பது, கிழங்கு அகழ்வது எல்லாம் போனால் குறிஞ்சி இல்லை. இன்னொன்று: குறிஞ்சிக்கு உரிய சிறுபொழுது யாமம், நள்ளிரவு. அந்த நேரத்தில் மலை கண்ணுக்குத் தெரியாது. அருவியின் ஓசை, வழுக்கும் பாறை, யானை நடமாட்டம், வருகிறவனுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் ஆகியவற்றால் ஆன மலை அது. கடந்து வர வேண்டிய வழி. எந்த ‘வியூ பாயிண்’டிலும் அந்த மலை கிடைக்காது.

ஆனால் அங்கேயும் ஒரு சட்டகம் உண்டு. அடியோரும் வினைவலரும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தேதான் காதலிக்கலாம் என்று, அதாவது கைக்கிளை பெருந்திணையில் வரலாம் என்று, தொல்காப்பியத்துக்கு உரைகாரர்கள் பொருள் கொண்டார்கள். தொழில் கருப்பொருளாக உள்ளே வரலாம். தொழிலாளி தலைமகனாக வரக் கூடாது. போர்னின் கேமராவும் உரைகாரரின் இலக்கணமும் ஒன்றென்று சொல்லவில்லை. ஆனால் யாருக்கு மையம், யாருக்கு ஓரம் என்ற பங்கீட்டை வெள்ளைக்காரன்தான் நமக்குக் கற்றுக்கொடுத்தான் என்று சொல்லிவிட முடியாது. திணையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பெருமை அல்ல, ஒரு சந்தேகம்: வேலையும் வழியும் இல்லாத மலை முழு மலைதானா?

5

நடையும் சைக்கிளும் இந்தச் சந்தேகத்தை உடம்பில் ஏற்றுகின்றன. காரில் போகிறவருக்கு ஏற்றம் என்பது கியர் மாற்றம். சைக்கிளில் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை மிதிப்பவருக்கு ஒவ்வொரு வளைவும் தனி. மணிக்கு ஆறேழு கிலோமீட்டர் வேகத்தில் மதகு தெரியும், மண்சரிவுக்குக் கட்டிய கல்சுவர் தெரியும், பலாப்பழ மூட்டையோடு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் தெரிவார். அவரோடு இரண்டு வார்த்தை பேசவும் முடியும்.

தெரிவது வேறு, படத்தில் வருவது வேறு. இங்கேதான் பழைய பார்வை திரும்பிவந்து உட்காருகிறது. ரோட்டை, கரண்ட் கம்பியை, பிளாஸ்டிக் குடத்தை, ஆளை வெட்டிவிட்டுச் சிகரத்தை மட்டும் எடுத்தால், வியர்த்து ஏறியவரின் படமும் காரில் வந்தவரின் படமும் ஒன்றாகவே இருக்கும். உழைத்த உடம்பைத் தானே வெட்டிவிட்ட படம் அது. மூச்சு வாங்கும்போது கை ஆடும். கேமரா வேகமாகக் கண் சிமிட்டி அந்த ஆட்டத்தையும் அழித்துவிடும்.

மாற்றுவழி நுணுக்கமானது ஒன்றுமில்லை. படத்தில் சரிவு தட்டையாகிப்போகும், ஏனென்றால் கேமராவைச் சாய்த்துப் பிடித்தால் எந்தச் சரிவும் சமமாகிவிடும். நேராக நிற்கும் கரண்ட் கம்பமோ வீட்டுச் சுவரோ மட்டமான தண்ணீர்ப் பரப்போ உள்ளே இருந்தால்தான் ஏற்றம் ஏற்றமாகத் தெரியும். அழகைக் கெடுப்பதாக நாம் ஒதுக்குகிற கம்பம்தான் மலையின் உண்மையைச் சொல்கிறது! பக்கவாட்டு வெயிலில்தான் மடிப்புகள் எழும். காலையில் ஏறும்போது ஒன்று, மாலையில் இறங்கும்போது அதே இடத்தில் ஒன்று எடுத்தால் மலை ஒரு ‘கணம்’ என்ற பொய் உடையும். எல்லாவற்றுக்கும் மேல், வந்த வழியைத் திரும்பிப் பார்த்து ஒரு படம்.

வழிகாட்டியையும் மறக்க வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். படத்தில் பொன்னிறமாக மின்னும் மார்ச் மாதப் புல் அங்கே வாழ்கிறவருக்கு எரிபொருள். காட்சிக்குத் தெரியாத இந்த அறிவு அங்கே வேலை செய்பவருக்குத் தெரியும். அரசு 2024 அக்டோபரில் 40 தடங்களோடு மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாகப் போகிறார்கள். நல்லது. நாம் எடுத்துவரும் படங்களில் அவர்கள் போர்னின் கூலிகள்போல மறைவார்களா, அளவுகோலாக நிற்பார்களா, மூன்றாவதாக ஏதாவது நடக்குமா என்பது நம் கையில் இருக்கிறது.

சைக்கிளுக்கும் மலைக்கும் இன்னொரு உறவும் இந்த மண்ணில் சாத்தியப்பட்டிருக்கிறது. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அதே காலத்தில் அரசுக் கல்குவாரிகள் பல ஒப்பந்தக்காரர்களிடமிருந்து எடுக்கப்பட்டு, கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்குக் குத்தகையாகத் தரப்பட்டன. டிரைப் 1858இல் ‘காட்சிகள்’ எடுத்துச் சென்ற அதே புதுக்கோட்டை. அந்தப் பெண்கள் பாறையைப் பார்க்க சைக்கிளில் போகவில்லை. வேலைக்குப் போனார்கள், கையெழுத்துப் போடப் போனார்கள், புருஷன் துணையில்லாமல் போனார்கள். மலையும் சைக்கிளும் சேர்ந்த தமிழ்ப் படங்களின் வரலாறு எழுதப்படுமானால், பனிச்சிகரத்து முன்னால் நிறுத்திய வண்டிக்கு முன்பாக அந்தப் பெண்கள் வர வேண்டும்.

6

சரி, வல்லம் வடகாலில் இருந்துகொண்டு என்ன செய்வது? வாரம் ஒருநாள் லீவு, அதிலும் பாதி தூக்கம். ‘டூட்டி முடிஞ்சு கண்ணு தொறக்க முடியல, இதுல மலையாம் மலை’ என்பவரிடம் இமயம் பற்றிப் பேசுவது அபத்தம். மின்னணு ஆலைகள் பலவற்றில் வேலைநேரத்தில் போனை உள்ளே கொண்டுபோகவும் முடியாது. கேமரா செய்கிறவர், கேமரா செய்யும் இடத்தைப் படம் எடுக்கக் கூடாது. காட்சிக்கு உரிமை யாருக்கு என்ற கேள்வி இதைவிடக் கச்சிதமாக எங்கே கிடைக்கும்?

ஆனால் சைக்கிளில் ஒரு காலைப்பொழுது போதும். ஒரகடத்திலிருந்து தெற்கே அந்தப் பெருஞ்சாலையில் போனால் சிங்கப்பெருமாள்கோயில். சிறு குன்றைக் குடைந்த பல்லவர் காலக் குடைவரை. மூலவரை வலம்வர வேண்டுமானால் குன்றையே வலம்வர வேண்டும். இந்த மலைக்கு ‘முன்பக்கம்’ என்று ஒன்றை வைத்து ஒரே படத்தில் முடிக்க முடியாது. சுற்றி நடந்து எடுத்தால்தான் உண்டு. வியூ பாயிண்டுக்கு நேர் எதிரான பார்வைப் பயிற்சி இது.

வடகிழக்கே போனால் இன்னொரு மலை இருக்கிறது, அல்லது இருந்தது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த பல்லாவரம். அங்கே கிடைக்கும் கருங்கல் வகைக்கு 1893இல் தாமஸ் ஹாலந்து ‘சார்னோக்கைட்’ என்று பெயர் சூட்டினார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறை இந்தக் கல்லால் ஆனது. லட்சக்கணக்கான வருஷங்களாகக் கல் வேலை நடந்த பூமி. பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் குன்றுகளில் வெடிவைத்து எடுத்த இடங்கள் இன்று செங்குத்துச் சுவர்கள். குன்றத்தூர் அருகே சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட குவாரிகள் ஆழமான நீர்க்குட்டைகள். 2017, 2019 வறட்சியில் சென்னைக்குக் குடிநீர் அந்தக் குட்டைகளிலிருந்தும் போனது. பச்சை நீரும் கல்சுவருமாக அந்த இடம் படத்துக்கு ‘சூப்பராக’ இருக்கும். இளைஞர்கள் அங்கே போய்ப் படமும் எடுக்கிறார்கள். ஆனால் அது மலைக்காட்சி அல்ல, மலையின் நெகடிவ். மேடு இருந்த இடத்தில் பள்ளம். பாசிடிவ் எங்கே? சாலையாக, பாலமாக, அடுக்குமாடியாக ஊர் முழுக்க நிற்கிறது. இந்தத் தொழில் வழித்தடத்தின் தளங்களும் எங்கோ ஒரு குன்றின் ஜல்லிதான்.

ஆகவே ஒரு யோசனை. எழுதுகிறவர்களும் சங்கத்தில் இருப்பவர்களும் நாலைந்து பேர் சேர்ந்து இதைச் செய்து பார்க்கலாம். ஒரு கட்டுமான இடத்தில் இறங்கும் ஜல்லி லாரி எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டு, அந்த வழியே சைக்கிளில் போங்கள். கிரஷரின் தூசு படிந்த புளியமரம், எடைமேடை, டீக்கடை, வெடிக்கு எச்சரிக்கைப் பலகை, பாதி தின்ற குன்று, அதன் அடியில் வீடுகள் என்று வழி நெடுக எடுங்கள். ஆட்களை அனுமதி கேட்டு எடுங்கள். படத்தை அவர்களுக்கும் கொடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே இடம், தேதி, நேரம், எந்தத் திசை பார்த்து எடுத்தது என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் நின்று மறுபடி எடுங்கள். குன்று எவ்வளவு குறைந்திருக்கிறது என்று இரண்டு படங்களும் சேர்ந்து சொல்லும். அந்தச் சோடிப் படங்களை ஊராட்சிக் கூட்டத்தில் வைத்தால், அங்கே நடக்கும் பேச்சு அழகியல் பேச்சாக இருக்காது.